கத்தார் மக்கள்தொகைப் படத்தில் ஆண்கள் பக்கம் மட்டும் ஏன் இப்படிப் புடைத்திருக்கிறது?

மீனா_உட்லண்ட்ஸ் எழுதியது:

வணக்கம். என் மகள் இங்கே சிங்கப்பூரில் உயர்நிலை நான்கில் படிக்கிறாள். நேற்று ராத்திரி புவியியல் பயிற்சித்தாள் ஒன்றைக் கொண்டுவந்து நீட்டினாள். மூன்று நாடுகளின் மக்கள்தொகைப் பிரமிடுகள் (எந்த வயதில் எத்தனை ஆண், எத்தனை பெண் என்று பட்டை பட்டையாகக் காட்டும் படம்). ஒன்று ஜப்பான், ஒன்று நைஜர், மூன்றாவது கத்தார். முதல் இரண்டும் அவளுக்குப் புரிகிறது. அங்கே கிழவர்கள் அதிகம், இங்கே பிள்ளைகள் அதிகம், அவ்வளவுதான். கத்தாரைப் பார்த்துவிட்டுத்தான் "அம்மா, இது தப்பா பிரிண்ட் ஆயிருக்கா?" என்று கேட்டாள்.

அவள் கேட்டதில் தப்பில்லை. ஆண்கள் பக்கம் இருபத்தைந்திலிருந்து நாற்பத்தைந்து வயது வரை பலாக்காய் மாதிரி புடைத்து நிற்கிறது. பெண்கள் பக்கம் ஒட்டிப்போய்க் கிடக்கிறது. கீழே பிள்ளைகள் கொஞ்சம். மேலே அறுபதுக்கு மேல் ஒரு நூல் அளவுதான்.

"பிரிண்ட் சரியாத்தான் இருக்கு. உன் தாத்தா அந்தப் புடைப்புக்குள்ளதான் இருந்தாரு" என்றேன். சொல்லிவிட்டேனே தவிர, அதற்கு மேல் விளக்கத் தெரியவில்லை.

எங்கள் அப்பா 1983ல் கத்தாருக்குப் போனார். உம் சையித்தில் வெல்டர் வேலை (இப்போது மெசயீத் என்கிறார்கள்). அப்போது எனக்கு இரண்டு வயது. அவர் மொத்தமாகத் திரும்பி வந்தது 2004ல். நாங்கள் அறந்தாங்கிப் பக்கம். இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை வருவார். இடையில் ஊர்க்காரர் யாராவது லீவில் வந்தால் ஒரு கேசட் கொடுத்துவிடுவார். அதில் "மீனா, நல்லாப் படிக்கிறியா?" என்று கேட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் பேசாமல் இருப்பார், நான் பதில் சொல்லட்டும் என்று. நானும் டேப் ரிக்கார்டரைப் பார்த்துப் பதில் சொல்வேன்.

விஷயத்துக்கு வருகிறேன். ஆண்கள் வேலைக்குப் போனார்கள் என்பது தெரிகிறது. ஆனால் இத்தனை வருஷமாக மக்கள் போய்க்கொண்டே இருக்கிறார்களே, முதலில் போனவர்களுக்கு வயதாகியிருக்க வேண்டாமா? புடைப்பு மெல்ல மேலே ஏறி, எழுபது வயதுப் பக்கம் வந்திருக்க வேண்டாமா? இதைத்தான் மகள் கேட்கிறாள். அப்புறம் இன்னொன்று, சாலையில் லாரியில் உட்கார்ந்து போகிறார்களே நம் தம்பிகள், சிங்கப்பூரின் படத்தில் அவர்கள் எங்கே இருக்கிறார்கள் என்றும் கேட்டாள். அங்கே வேலை பார்த்தவர்கள் யாராவது சொல்லுங்கள். வியாழக்கிழமை அவளுக்குத் தேர்வு.


பரமக்குடிக்காரன் எழுதியது:

தங்கச்சி, உங்கள் அப்பா இருந்த நாட்டில் நானும் ஒன்பது வருஷம் இருந்தேன். 2005 முதல் 2014 வரை. போனது கம்பி கட்ட, வந்தது ஃபோர்மேனாக. 2015ல் இங்கே சிங்கப்பூருக்கு வந்தேன். இப்போது சுங்கை தெங்கா பக்கம் டார்மிட்டரி, தொழிலாளர் விடுதி. இன்று ஞாயிறு, ஓவர்டைம் இல்லை. அதனால் விரிவாகவே எழுதுகிறேன்.

உங்கள் மகளுக்கு நான் ஒரு கட்டிலைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

தோஹா இண்டஸ்ட்ரியல் ஏரியாவில் எங்கள் கேம்ப். ஒரு அறையில் ஐந்து இரட்டைக் கட்டில், பத்துப் பேர். எனக்குக் கிடைத்தது கீழ்க்கட்டில். முதல் ராத்திரி தூக்கம் வரவில்லை. மேல்கட்டிலின் பலகை முகத்துக்கு நேரே, இரண்டு முழம் தள்ளி இருக்கிறது. செல்போன் வெளிச்சத்தில் பார்த்தால் பலகை முழுக்க எழுத்து. மார்க்கரில் ஒருத்தர் "பார்த்திபனூர் 98 - 2000" என்று எழுதியிருந்தார். அதற்குக் கீழே "தொண்டி 2000 - 2003". அப்புறம் தெலுங்கில் ஒரு வரி, எனக்குப் படிக்கத் தெரியாது. கடைசியில் பெயரும் ஊரும் இல்லாமல் வெறும் கோடுகள், மாதத்துக்கு ஒன்றாகப் போட்டு ஐந்தைந்தாகக் கட்டியது. எண்ணிப் பார்த்தேன், இருபத்திரண்டு. இரண்டு வருஷம் முடிய இரண்டு கோடு குறைச்சல். அந்த ஆளுக்கு என்ன ஆயிற்று என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. நானும் ஒரு வாரம் கழித்து "பரமக்குடி 2005 - " என்று எழுதி, கோட்டுக்கு அந்தப் பக்கம் இடம் விட்டு வைத்தேன்.

எனக்கு அப்போது 24 வயது. எனக்கு முன்னால் அந்தக் கட்டிலில் படுத்தவர்களும் வந்தபோது இருபத்து சொச்சம்தான் இருந்திருப்பார்கள். மூன்றாம் வருஷம் என்னை வேறு கேம்புக்கு மாற்றினார்கள். சாமான் எடுக்க ஒருமுறை திரும்பிப் போனேன், என் கட்டிலில் நேபாளத்துப் பையன் ஒருவன், 22 வயது. எங்கள் எல்லோருக்கும் வயது ஏறிக்கொண்டுதான் இருந்தது. கட்டிலுக்கு மட்டும் ஏறவில்லை. உங்கள் மகள் படத்தில் பார்ப்பது அந்தக் கட்டிலைத்தான்.

மற்ற நாட்டுப் படத்தில் முப்பது வயதுப் பட்டையில் இருக்கிறவன் பத்து வருஷத்தில் நாற்பதுக்கு ஏறுவான், பிறகு ஐம்பதுக்கு. அங்கே ஏறுவதற்குள் ஊருக்கு வந்துவிடுகிறான். அவன் விட்ட இடத்துக்கு 25 வயசுக்காரன் வருகிறான். ஆள் மாறினாலும் பட்டை மாறாது.

சரி, வயதானவர்கள் ஏன் இல்லை என்றால், போகும்போதே சலித்து எடுக்கிறார்கள். வளைகுடா போகிறவர்களுக்குச் சென்னையில் காம்கா மெடிக்கல் என்று ஒன்று இருந்தது. எக்ஸ்ரே, ரத்தம், எல்லாம் பார்த்து "ஃபிட்" என்று எழுதினால்தான் விசா. நுரையீரலில் பழைய டிபி தழும்பு இருந்தாலே "அன்ஃபிட்". என்னோடு ஏஜெண்டுக்குப் பணம் கட்டிய இரண்டு பேர் அப்படியே ஊர் திரும்பினார்கள். ஆக, விமானம் ஏறுவதே திடமான ஆட்கள் மட்டும்தான். அப்புறம் அங்கே போய் முதுகு போனால், சிறுநீரகம் கெட்டால், செட்டில்மெண்ட் கொடுத்து அனுப்பிவிடுகிறார்கள். அந்த நோயைப் பார்க்கும் செலவும், படுக்கையில் போட்டுப் பார்க்கும் வேலையும் நம் வீட்டில். உலகத்திலேயே சாவு விகிதம் மிகக் குறைவான நாடுகளில் கத்தார் ஒன்று. சாகிற வயதுக்கு யாரும் அங்கே இருப்பதில்லையே, பிறகு எப்படிக் கூடும்? வெயிலிலும் வேலை இடத்திலும் செத்தவர்கள் உண்டு. அவர்களில் இரண்டு பேர் முகம் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது.

பெண்கள் பக்கம் ஒட்டிப்போனதற்குக் காரணம் சம்பளம். குறிப்பிட்ட தொகைக்கு மேல் வாங்கினால்தான் குடும்ப விசா. எனக்கு முதல் சம்பளம் 800 ரியால், ரியாலுக்கு 12 ரூபாய் கிடைத்த காலம். குடும்பத்தைக் கூப்பிடுகிற பேச்சுக்கே இடமில்லை.

அங்கே எங்களுக்கு ஒரு பெயர் உண்டு, பேச்சிலர். மூன்று பிள்ளை பெற்ற நாற்பது வயது ஆளும் பேச்சிலர்தான். குடும்பங்கள் வாழும் பகுதியில் தொழிலாளர்கள் கூட்டமாகத் தங்கக்கூடாது என்று 2010ல் சட்டமே போட்டார்கள். ஒரு வெள்ளிக்கிழமை நாங்கள் நாலு பேர் நல்ல சட்டை போட்டுக்கொண்டு ஒரு பெரிய மாலுக்குப் போனோம். வாசலில் காவலுக்கு நின்ற பையன் கையை நீட்டித் தடுத்தான். இன்று குடும்பங்களுக்கு மட்டும் என்றான். எங்களோடு வந்த திருவாடானைக்கார அண்ணன் பர்சைத் திறந்து, மனைவியும் இரண்டு பெண் பிள்ளைகளும் இருக்கிற போட்டோவை எடுத்து அவனிடம் காட்டினார். "இதுதான் என் ஃபேமிலி" என்றார். அந்தப் பையன் போட்டோவைப் பார்த்தான், தலையைக் குனிந்துகொண்டான். கையை மட்டும் எடுக்கவில்லை. அவனும் எங்களை மாதிரி வந்தவன்தான்.

இன்னொன்று சொல்லி முடிக்கிறேன். கத்தார் படத்துக்குப் பக்கத்தில் எங்கள் தெருவின் படத்தையும் உங்கள் மகளை வரையச் சொல்லுங்கள். 2011 பொங்கலுக்கு நான் லீவில் போயிருந்தேன். எதிர்வீட்டு அப்பத்தா தவறிவிட்டது. பாடை தூக்க ஆள் வேண்டும். தெருவில் திடமான ஆண் என்று இருந்தது நானும், சவுதியிலிருந்து வந்திருந்த இன்னொருத்தரும் மட்டும். பிளஸ் டூ படிக்கிற பையன் ஒருத்தனையும், எழுபது வயது தாண்டிய மாமா ஒருத்தரையும் சேர்த்து நாலு பேராகத் தூக்கினோம். மாமாவால் முடியவில்லை. நடுவழியில் இரண்டு தடவை இறக்கி வைத்தோம். தோஹாவில் புடைத்திருக்கிற இடமும் எங்கள் தெருவில் குழிந்திருக்கிற இடமும் ஒன்றுதான் தங்கச்சி. கத்தரித்து எடுத்து ஒட்டினால் அப்படியே பொருந்தும்.


ஈசூன்_செல்வம் எழுதியது:

நான் பள்ளியில் புவியியல் சொல்லித் தருகிறவன். மேலே சகோதரர் கட்டிலை வைத்துச் சொன்னதை இனி வகுப்பில் சொல்லப்போகிறேன், அனுமதி கொடுங்கள். தேர்வுக்குத் தேவையான எண்களை மட்டும் நான் சேர்க்கிறேன்.

கத்தாரில் 1986 கணக்கெடுப்பில் 3.69 லட்சம் பேர். மீனாவின் அப்பா அந்தக் கணக்கில் இருந்திருப்பார். 2004ல் 7.44 லட்சம். 2010ல் ஏறத்தாழ 17 லட்சம். 2020ல் 28.46 லட்சம். எல்லோரும் உலகக் கோப்பை கால்பந்தைக் காரணம் காட்டுவார்கள். ஆண்டுகளைக் கவனியுங்கள். ஆறே வருஷத்தில் இரண்டு மடங்குக்கு மேல் ஆனது 2004க்கும் 2010க்கும் இடையில். உலகக் கோப்பை கத்தாருக்கு என்று அறிவித்தது 2010 டிசம்பரில். அதாவது பெரிய பாய்ச்சல் அதற்கு முன்பே நடந்துவிட்டது. 1990களின் பிற்பாதியில் இயற்கை எரிவாயுவைத் திரவமாக்கிக் கப்பலில் ஏற்றத் தொடங்கினார்கள். அந்தப் பணம் கட்டடமாக மாறிய காலம்தான் அது. ஸ்டேடியங்கள் அதற்கு மேல் வந்தவை.

ஒரு நாட்டின் தொகை பிறப்பாலும் இறப்பாலும் இடப்பெயர்வாலும் மாறும் என்று பாடத்தில் இருக்கும். கத்தாரில் மூன்றாவதுதான் கிட்டத்தட்ட எல்லா வேலையையும் செய்கிறது. மகள் கவனிக்க வேண்டிய முக்கியமான இடம் இது: அங்கே ஆயிரம் பேருக்கு இத்தனை பிறப்பு என்று கணக்குப் போட்டால் எண் சிறியதாக வரும். உடனே "கத்தார் பெண்கள் பிள்ளை பெறுவதில்லை" என்று எழுதிவிடக்கூடாது. வகுக்கும் எண்ணில், அதாவது மொத்த மக்கள்தொகையில், தனியாக வந்த ஆண்கள் லட்சக்கணக்கில் உட்கார்ந்திருக்கிறார்கள். சாவு விகிதத்துக்கும் இதே கதைதான்.

கத்தார் குடிமக்களை மட்டும் தனியாக வரைந்தால் படம் சாதாரணமாக இருக்கும். இரண்டு பக்கமும் சமம், அடியில் பிள்ளைகள் அகலமாக. அவர்கள் மொத்தத்தில் பத்தில் ஒரு பங்கு அளவுதான். அந்தச் சின்னப் பிரமிடு, பெரிய படத்துக்குள் மூழ்கிக் கிடக்கிறது. அங்கே பிறந்தாலும் வெளிநாட்டுப் பெற்றோரின் பிள்ளைக்குக் குடியுரிமை கிடையாது. 2005 சட்டப்படி ஒருவர் விண்ணப்பிக்கவே 25 வருஷம் தொடர்ந்து வசித்திருக்க வேண்டும், அரபு தெரிந்திருக்க வேண்டும். மீனாவின் அப்பா 21 வருஷம் இருந்தவர்.

இன்னொரு விவரம் மாணவர்களுக்குப் பிடிக்கும். கத்தாரில் மாதாமாதம், அந்த மாதக் கடைசியில் நாட்டுக்குள் எத்தனை பேர் இருந்தார்கள் என்று வெளியிடுகிறார்கள். ஜூலை, ஆகஸ்டில் எண் சட்டென்று இறங்கும். வெயிலுக்கும் பள்ளி விடுமுறைக்கும் ஆட்கள் ஊருக்குப் போய்விடுவார்கள். செப்டம்பர், அக்டோபரில் ஏறிவிடும். ஒரு நாட்டின் மக்கள்தொகை மூச்சு விடுகிற மாதிரி ஏறி இறங்குவதை வேறெங்கே பார்க்க முடியும்?

இப்போது சிங்கப்பூர். 2025 ஜூனில் மொத்தம் 61.1 லட்சம். அதில் 19.1 லட்சம் பேர் குடிமக்களும் இல்லை, நிரந்தரவாசிகளும் இல்லை. பத்தில் மூன்று பேர். ஆனால் பாடப்புத்தகத்தில் வரும் சிங்கப்பூர்ப் பிரமிடு குடிமக்களையும் நிரந்தரவாசிகளையும் மட்டும் வைத்து வரைந்தது. அதனால் அது ஜப்பானைப் போல மூத்துக்கொண்டு வரும் நாடாகத் தெரிகிறது. லாரியில் போகும் தம்பிகள் படத்தில் எங்கே என்று கேட்டாளே, நல்ல கேள்வி. அந்தப் படத்தில் அவர்களை வரையவில்லை. மொத்தத் தொகையில் எண்ணுகிறோம், பிரமிடில் சேர்ப்பதில்லை. கொவிட் காலத்தில்தான் இது வெளியே தெரிந்தது. 2020ல் 56.9 லட்சமாக இருந்த மொத்தத் தொகை 2021ல் 54.5 லட்சமாக இறங்கியது. குறைந்ததில் பெரும்பகுதி வெளிநாட்டு ஊழியர்கள்.


துவாஸ்_குமார் எழுதியது:

எல்லாவற்றையும் சோகமாகவே எழுதிவிட்டால் எப்படி? என் பெரியப்பா துபாயில் 17 வருஷம். அந்தப் பணத்தில்தான் எங்கள் வீட்டில் மூன்று பேர் இன்ஜினியரிங் படித்தோம். நான் எஸ் பாஸில் (நடுத்தரத் திறன் ஊழியர்களுக்கான சிங்கப்பூர் அனுமதி) இங்கே வந்ததும் அதனால்தான். அந்தப் புடைப்பு இல்லாவிட்டால் கள்ளக்குறிச்சிப் பக்கத்தில் எங்கள் ஊரில் இன்னும் கூரை வீடுதான் இருக்கும். அதையும் பிள்ளைக்குச் சொல்லுங்கள்.

அப்புறம், கத்தாரையும் சிங்கப்பூரையும் ஒன்றாக வைக்காதீர்கள். இங்கே எஸ் பாஸ்காரர்களும், அதற்கு மேல்நிலை வேலைக்கான ஈ பாஸ்காரர்களும் நிரந்தரவாசத்துக்கு விண்ணப்பிக்கலாம், கிடைத்தவர்களும் இருக்கிறார்கள். அங்கே அந்த வழி கிட்டத்தட்ட இல்லை.


பரமக்குடிக்காரன் எழுதியது:

தம்பி குமார், நீங்கள் சொல்வது உண்மை. நானும் அந்தப் பணத்தில்தான் இரண்டு தங்கைகளைக் கட்டிக்கொடுத்தேன். வீட்டுக்குத் தளம் போட்டேன். போனதற்கு நான் வருத்தப்படவே இல்லை. ஆனால் நீங்கள் சொல்லும் வழி எஸ் பாஸுக்கு உண்டு, கட்டுமானம் மாதிரி வேலைக்கு வருகிற எங்களுக்குக் கொடுக்கும் ஒர்க் பர்மிட்டுக்கு இல்லை. எங்கள் டார்மிட்டரியில் இருபது வருஷத்துக்கு மேல் இங்கேயே இருக்கிற அண்ணன் ஒருவர் இருக்கிறார். ஜூரோங்கில் எந்தப் பாலத்துக்கு எந்த வருஷம் கான்கிரீட் போட்டது என்று தேதியோடு சொல்வார். 2025 ஜூலையில் பர்மிட் வயது வரம்பை 60லிருந்து 63 ஆக்கினார்கள், மொத்தம் இத்தனை வருஷம்தான் வேலை பார்க்கலாம் என்ற வரம்பையும் நீக்கினார்கள். அன்று ராத்திரி அவர் எங்கள் எல்லோருக்கும் முறுக்கு வாங்கிக் கொடுத்தார். அவருக்கு அது இன்னும் மூன்று வருஷச் சம்பளம், கடைசிப் பெண்ணுக்கு நர்சிங் படிப்பு. 63க்கு அப்புறம் அவரும் ஊருக்குத்தான். அவர் வயதாவதும் நம் ஊர்க் கணக்கில்தான் வரும்.

2020ஐ ஆசிரியர் சொன்னதால் இதையும் சொல்கிறேன். மார்ச்சில் தோஹா இண்டஸ்ட்ரியல் ஏரியாவை அடைத்தார்கள். அங்கே இருக்கிற என் மைத்துனன் போன் பண்ணி "தெருவை மூடிட்டாங்க மச்சான்" என்றான். தைரியம் சொன்னேன். ஏப்ரலில் எங்கள் டார்மிட்டரி கேட்டை மூடினார்கள். இப்போது அவன் எனக்குத் தைரியம் சொன்னான். அந்த மாதம் அத்தனை நாளும் செய்தியில் எங்களுக்குத் தனி எண், வெளியே இருப்பவர்களுக்குத் தனி எண். படத்தில் வரையவில்லை என்று ஆசிரியர் எழுதியதைப் படித்ததும் அந்த எண்கள்தான் எனக்கு நினைவுக்கு வந்தன.


ஜெயா_பிடோக் எழுதியது:

மீனா அக்கா, பெண்கள் பக்கம் ஒட்டிப்போய் இருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். குவைத்தின் படத்தை எடுத்துப் பாருங்கள். அங்கே பெண்கள் பக்கமும் முப்பதுக்கு மேல் கொஞ்சம் புடைத்திருக்கும். அது நாங்கள்தான், வீட்டு வேலைக்காரர்கள். நான் 2009லிருந்து 2013 வரை குவைத்தில் இருந்தேன், 20ஆம் நம்பர் விசாவில். கம்பெனி ஆட்களுக்கு 18, வீட்டு வேலைக்கு 20. எந்த நம்பர் என்று கேட்டாலே நீங்கள் எந்தப் பக்கம் என்று அங்கே தெரிந்துவிடும்.

எங்களை முப்பதிலிருந்து எண்ண வைத்தது நம் நாட்டுச் சட்டம். பத்தாவது பாஸ் பண்ணாதவர்களின் பாஸ்போர்ட்டில் இசிஆர் இருக்கும், அதாவது வெளிநாட்டு வேலைக்குப் போக அரசு அனுமதி வேண்டும் என்ற குறிப்பு. அந்தப் பாஸ்போர்ட் உள்ள பெண்ணுக்கு முப்பது வயது ஆகாவிட்டால் வளைகுடாவுக்கு வீட்டு வேலைக்குப் போக இந்தியாவில் அனுமதி தரமாட்டார்கள். எனக்கு 31. என் தங்கைக்கு 26. நான் போனேன், அவள் போகவில்லை. என் மகளுக்கு அப்போது நாலு வயது, அவளைத் தங்கைதான் வளர்த்தாள்.

நான் இருந்த வீட்டில் பிள்ளைகள் ஆறு. கடைசிக் குழந்தையை நாற்பது நாள் குழந்தையாக என் கையில் கொடுத்தார்கள். நான் தமிழில் பேசித்தான் அவனைத் தூங்க வைப்பேன். அவன் முதலில் தெளிவாகச் சொன்ன வார்த்தை "வா". வீட்டில் எல்லோரும் அது அரபியில் என்ன என்று யோசித்தார்கள். நான் சொல்லவில்லை. அவர்கள் நல்லவர்கள்தான், ஆனாலும் எதற்கு என்று விட்டுவிட்டேன். அதே வாரம் போனில் என் மகள் என்னை "பெரியம்மா" என்று கூப்பிட்டாள். தங்கையைத்தான் அம்மா என்று நினைத்துக்கொண்டிருந்தாள்.

படத்தில் கீழே இருக்கிற அந்தக் குழந்தைப் பட்டைகளை வளர்த்ததில் எங்கள் கையும் இருக்கிறது என்று உங்கள் பெண்ணிடம் சொல்லுங்கள்.

இப்போது சிங்கப்பூரில், பிடோக்கில் ஒரு பாட்டியைப் பார்த்துக்கொள்கிறேன், 88 வயது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை எனக்கு மெடிக்கல். பாட்டி வீட்டில் மரியாதையாக நடத்துகிறார்கள். என் அம்மாவுக்கு 71, விழுப்புரத்தில் தனியாக இருக்கிறார்.


மீனா_உட்லண்ட்ஸ் எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. வேலை முடிந்து வரும் வழியில் எம்ஆர்டி ரயிலில் நின்றுகொண்டே படித்தேன். ஜெயா, உங்கள் பதிலைப் படிக்கும்போது ஒரு ஸ்டேஷன் தள்ளிப் போய்விட்டேன்.

மகளுக்கு முழுவதும் படித்துக் காட்டினேன். கட்டிலை அவள் தாளின் ஓரத்தில் வரைந்து வைத்துக்கொண்டாள். செல்வம் சார், வகுக்கும் எண் விஷயம் அவளுக்கு இப்போது நன்றாகப் புரிந்துவிட்டது. அவள் எழுதியிருந்த விடையில் "பிறப்பு விகிதம் குறைவு, எனவே குடும்பக் கட்டுப்பாடு" என்று இருந்தது. அடித்துவிட்டாள். குமார் தம்பி, நீங்கள் சொன்னதையும் சொல்லிவிட்டேன். எங்கள் வீட்டிலும் அதே கதைதான். நான் கல்லூரி முடித்தது, கல்யாணமாகி இங்கே வந்தது எல்லாம் அப்பா அனுப்பிய ரியாலில்தான்.

அப்பா 53 வயதில் திரும்பி வந்தார். 59 வயதில், 2010ல், புதுக்கோட்டை ஆஸ்பத்திரியில் காலமானார். வந்த பிறகு ஆறு வருஷமும் மூச்சுத் திணறல் இருந்தது. வெல்டிங் புகை என்று டாக்டர் சொன்னார். பரமக்குடி அண்ணா, சாகிற வயதுக்கு யாரும் அங்கே இருப்பதில்லை என்று நீங்கள் எழுதிய இடத்தில் எனக்கு அப்பாவின் இறப்புச் சான்றிதழ்தான் கண்ணில் நின்றது. எங்கள் ஊர்ப் பெயர் போட்டது.

அதற்குப் பிறகு மகள் ஒன்று செய்தாள். நான் ஊரிலிருந்து கொண்டுவந்த அப்பாவின் பழைய பாஸ்போர்ட்டுகள் மூன்று அலமாரியில் இருக்கின்றன. மூன்றையும் எடுத்துத் தரையில் விரித்துக்கொண்டு, ஒவ்வொரு முத்திரையாகப் பார்த்து, பம்பாயிலும் சென்னையிலும் இறங்கிய தேதி, ஏறிய தேதி என்று நோட்டில் எழுதிக் கூட்டினாள். சில முத்திரைகள் மை கலைந்து படிக்க முடியவில்லை. அம்மாவுக்கு போன் பண்ணிக் கேட்டோம். "அது உனக்குக் காது குத்தினப்ப வந்தது, ஆடி மாசம்", "அது உன் தம்பி பிறந்து மூணு மாசம் கழிச்சு" என்று அம்மா எல்லாவற்றையும் மனதில் வைத்திருக்கிறார். ராத்திரி பதினொன்றரைக்குக் கூட்டி முடித்தாள். 21 வருஷத்தில் அப்பா எங்களோடு இருந்தது 619 நாள்.

அண்ணா, ஒன்று கேட்கட்டுமா? உம் சையித் பக்கத்துப் பழைய கேம்புகள் எதிலாவது நீங்கள் தங்கியதுண்டா? கட்டில் பலகையில் "அறந்தாங்கி" என்று எங்காவது பார்த்ததாக நினைவிருக்கிறதா? அப்பா எழுத்தில் றகரத்தின் கால் கொஞ்சம் நீளமாக, கீழே இழுத்து விட்டிருக்கும்.


பரமக்குடிக்காரன் எழுதியது:

உம் சையித்தில் ஆறு மாதம் இருந்தேன் தங்கச்சி, 2008ல். அறந்தாங்கி என்று பார்த்த நினைவு இல்லை. பொய் சொல்ல மனசு வரவில்லை. அந்தப் பக்கம் இன்னும் இருக்கிற ஆட்கள் நாலைந்து பேர் எனக்குத் தெரியும், இன்றே எழுதிக் கேட்கிறேன். றகரக் கால் விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன்.